ஜான்சனின் காது

மைக் கீழே விழுந்தபோது மணி ஒன்று பத்து. சத்தம் பெரிதாக ஒன்றுமில்லை. டைல்ஸ் தரையில் ஒரு செம்பு விழுந்தால் எவ்வளவு கேட்குமோ அதில் பாதிதான். ஆனாலும் ஊரப்பாக்கம் ஸ்டேஷன் வரைக்கும் கேட்டிருக்கும் போல சிநேகாவுக்குத் தோன்றியது. கீழ் வீட்டில் அம்மா எழுந்துவிட்டாளா என்று அசையாமல் நின்று கேட்டாள். அம்மா எழவில்லை. சுவரில் ஒட்டியிருந்த முட்டைத் தட்டுகளுக்குப் பின்னால் ஒரு கரப்பான் பூச்சி மட்டும் பரபரவென்று இடம் மாறியது.

குனிந்து மைக்கை எடுத்தாள். வெளியே ஒரு கீறல்கூட இல்லை. மெதுவாக ஆட்டிப் பார்த்தாள். உள்ளே ஏதோ கலகலத்தது.

அந்த அறை ஜான்சனுடையது. ஜான்சன் அவளுடைய பெரியப்பா மகன், செய்யூர்க்காரன். பொத்தேரி காலேஜில் படிக்க வந்தவனைச் சிநேகாவின் அப்பா ஜெபசிங் மாடி அறையில் தங்க வைத்தார். படிப்பு இரண்டாம் வருஷத்தோடு நின்றுபோனது. ஜான்சன் மட்டும் போகவில்லை. அறையை ஸ்டுடியோ ஆக்கிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டான். கதவுக்கு மேல் நீல விளக்கு ஒன்று மாட்டினான். முட்டை மண்டியிலிருந்து அட்டைத் தட்டுகளை அள்ளிவந்து நாலு சுவரிலும் ஒட்டினான். இப்படிச் செய்தால் வெளிச் சத்தம் உள்ளே வராது, எதிரொலியும் இருக்காது என்று தன் சேனலில் வீடியோ போட்டான். ரயிலின் ஹார்ன் முன்பு வந்த மாதிரியே வந்தது. எதிரொலியும் எங்கேயும் போகவில்லை. புதிதாக வந்தது கரப்பான் பூச்சிதான். அந்த வீடியோவை நாலாயிரம் பேர் பார்த்தார்கள். அதில் எத்தனை பேர் வீட்டில் இப்போது கரப்பான் பூச்சி ஓடுகிறதோ, அது கர்த்தருக்குத்தான் வெளிச்சம்.

வீட்டிலேயே பாட்டுப் பதிவு செய்ய என்ன செய்யலாம் என்று யார் கேட்டாலும் ஜான்சனிடம் பதில் ஒன்றுதான்: இருப்பதைவிட விலை கூடியதாக ஒன்று வாங்கு. குரல் சரியாக வரவில்லையா, மைக்கை மாற்று. மைக்கை மாற்றியும் வரவில்லையா, மைக்கைக் கம்ப்யூட்டரோடு இணைக்கிற பெட்டியை மாற்று. பெட்டியையும் மாற்றியாகிவிட்டதா, அப்படியானால் உன் தொண்டைதான் சரியில்லை. இதைச் சொல்வதற்குக் கழுத்தில் ஒரு பெரிய ஹெட்போனை மாட்டிக்கொள்வான். சாப்பிடும்போதும் கழற்ற மாட்டான். குழம்பு பட்டு அதன் ஒரு பக்கம் மஞ்சளாகிவிட்டது.

இந்தக் கழுத்துக்குத்தான் ஜெபசிங் மயங்கிப்போயிருந்தார். கம்பெனி பஸ் ஓட்டுகிறவர். ஒரகடம் ஷிப்டுக்கு ஆட்களை ஏற்றி இறக்கிவிட்டு வந்து அக்கடா என்று உட்காரும்போது அண்ணன் மகன் ஏதேதோ இங்கிலீஷ் வார்த்தைகளைச் சொல்லிக் காட்டுவான். அவருக்குப் பெருமை தாங்காது. சிநேகா பிளஸ் டூ எழுதிவிட்டு ரிசல்டுக்குக் காத்திருந்தாள். சவுண்ட் இன்ஜினியரிங் படிக்க ஆசை என்று ஒரு மாசம் ஒத்திகை பார்த்து அப்பாவிடம் சொன்னபோது அவர் சொன்னது இதுதான்:

"ஜான்சன்கிட்ட கேக்குறன். அவன் காது சரியான காது. உங்கிட்ட சரக்கு கீதுன்னு அவன் சொன்னா பாப்போம். ஆனா ஒண்ணு, மேல போய் அவன் சாமான் எதயாச்சும் ஒடச்சிட்டேன்னு வெச்சிக்க, கோர்ஸும் கெடையாது, ஒரு மண்ணும் கெடையாது. பேசாம பி.காம்ல போயி குந்து."

ஆக அவளுடைய படிப்பு ஜான்சனுடைய காதில் தொங்கிக்கொண்டிருந்தது. அந்தக் காதைப் பற்றி அவளுக்குத் தெரிந்தது அப்பாவுக்குத் தெரியாது.

அன்றைக்கு ஜான்சன் மகாபலிபுரத்தில் ஒரு ரிசார்ட் பார்ட்டிக்குக் கீபோர்டு வாசிக்கப் போயிருந்தான். வாசிக்க என்று சொல்வது மரியாதைக்கு. பாட்டு லேப்டாப்பில் ஓடும், இவன் கட்டைகளின்மேல் விரலை ஓட்டிக்கொண்டு கண்ணை மூடித் தலையை ஆட்டுவான். சில நாள் கீபோர்டில் ஒயர்கூடச் சொருகியிருக்காது. சாயந்திரம் கிளம்பும்போது படியில் நின்று உத்தரவு போட்டான்.

"காலைல ஆளு வருது, இந்த மைக்க வாங்க. செய்யூர்ல ஒரு டீச்சர். பொம்பள வாய்ஸ்ல சாம்பிள் கேட்டாங்க. வேற யாரும் கெடைக்கல, அதான் உன்ன கேக்குறன். கடைசி லோக்கல் ரயிலு போனப்புறம் ஒரு நிமிஷம் எதயாச்சும் பாடி அனுப்பு. வாட்ஸப்ல வாய்ஸ் நோட்டா அனுப்பாத, நாறிடும். டாக்குமெண்டா அனுப்பு. மைக்க தொடாத. தூர நின்னு பாடு, எச்சி தெறிக்கும்."

"சரிண்ணா."

"இன்னா சரி? புரிஞ்சிதா? நீ பாடறதுக்கு இல்ல சாம்பிள். மைக்குக்கு."

அந்த மைக்கை அவன் விற்பதற்குக் காரணம், அது சரியில்லையாம். ஒரு வருஷமாக அதில் பாடுகிறான், குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரியே வருகிறது. ஏன் வருகிறது என்று சிநேகாவுக்குத் தெரியும். மைக் வந்த அட்டைப்பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த தாளை அந்த வீட்டில் பிரித்துப் படித்தவள் அவள் ஒருத்திதான். மேடை மைக்கைப் போல உச்சியில் வாயை வைத்துப் பாடுகிற மைக் இல்லை அது. நிமிர்த்தி வைத்து, கம்பெனி முத்திரை இருக்கிற பக்கத்தைப் பார்த்துப் பக்கவாட்டில் பாட வேண்டும். தாளில் அம்புக்குறி போட்டுப் படமே வரைந்திருந்தது. ஜான்சன் சர்ச் மேடையில் பாடிப் பழகியவன். ஒரு வருஷமாக அந்த மைக்கின் உச்சந்தலையில் பாடிக்கொண்டிருந்தான்.

ஒரு தடவை சொல்லியும் பார்த்தாள். "ண்ணா, சைடுல பாடணுமாம். அந்தப் பேப்பர்ல போட்டுகீது."

"பேப்பர் படிச்சி சவுண்டு கத்துக்கலாம்னா ஊர்ல எல்லாரும் கத்துக்குவான். போ, போயி கணக்குப் போடு."

அதனால்தான் ராத்திரி ஒரு மணிக்கு அவளுக்கு அந்த ஆசை வந்தது. நாளைக்கு இது கைமாறிப் போய்விடும். அதற்கு முன் ஒரே ஒரு தடவை, சரியான பக்கத்தில், சரியான தூரத்தில் பாடிக் கேட்டுவிட வேண்டும். மேஜையில் மாட்டியிருந்த ஸ்பிரிங் கையின் நுனியில் மைக் தலையை நீட்டிக்கொண்டு கிடந்தது. திருப்பி மாட்டுவதற்காகத் திருகைக் கழற்றினாள். மைக்கின் கனம் போனதும் ஸ்பிரிங் கை விருட்டென்று மேலே பாய்ந்து அவள் மணிக்கட்டில் அடித்தது. மைக் தரையில் விழுந்தது.

பெட்டியில் சொருகி, மைக்குக்குக் கரண்டு போகிற பட்டனை அழுத்தி, மேஜையில் கிடந்த பழைய ஹெட்போன் ஒன்றை மாட்டிக் கேட்டாள். உஸ்ஸென்று இரைந்தது. நடுநடுவே கடுகு வெடிக்கிற மாதிரி பொரிந்தது. வாயை வைத்துக் கத்தினாலும் உள்ளே எதுவும் போகவில்லை.

கொஞ்ச நேரம் தரையிலேயே உட்கார்ந்திருந்தாள். பி.காம் வகுப்பில் மூன்றாவது பெஞ்சில் தான் உட்கார்ந்திருப்பது கண்ணுக்குத் தெரிந்தது. பிறகு எழுந்து மைக்கை ஸ்பிரிங் கையில் பழையபடியே, ஜான்சனுக்குப் பிடித்த மாதிரியே, தலை முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும்படி மாட்டினாள். கீழே போய்த் தன் போனையும் இயர்போனையும் ஒரு ஜமுக்காளத்தையும் எடுத்துவந்தாள்.

போனோடு இலவசமாகக் கொடுத்த ஒயர் இயர்போன். ஒரு காது எப்போதோ செத்துவிட்டது. ஒயரில் தொங்குகிற பேசும் மைக் மட்டும் நன்றாக இருந்தது. ஜான்சனுக்குத் தெரியாமல் ஒரு வருஷமாக அவள் பாட்டுப் பதிந்துகொண்டிருப்பது இதில்தான். ஃபேனை நிறுத்தினாள். போனை ஏரோபிளேன் மோடில் போட்டாள். ஜான்சனுடைய கட்டிலில் கிடந்த கனத்த போர்வையையும் அதன்மேல் ஜமுக்காளத்தையும் போர்த்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்தாள். சுவரில் ஒட்டின அட்டை செய்யாததை மேலே கவிந்த துணி செய்யும். குரல் போய் முட்டித் திரும்பி வருவதற்கு அங்கே இடமே இல்லை. ஒயரைக் கையில் பிடித்தால் உரசும் என்பதால் ஒரு துணிக் கிளிப்பில் மாட்டிப் போர்வையில் குத்தி, மைக் வாய்க்கு நாலு விரல் தள்ளி, நேராக இல்லாமல் கன்னத்துப் பக்கமாகத் தொங்கும்படி விட்டாள். நேரே வைத்தால் 'ப' வரும்போதெல்லாம் காற்று அடித்துப் பொத்தென்று கேட்கும்.

கூட்ஸ் வண்டி ஒன்று போய்த் தொலையும் வரை வேர்வையில் காத்திருந்தாள். பிறகு ஸ்டேஷனில் நிற்கும்போது தானே கட்டின ஒரு பாட்டைப் பாடினாள். "நிக்கிற ரயிலுக்கு எந்தப் பக்கம் மூஞ்சி" என்று தொடங்கும். நாலாவது தடவை பாடினதை டாக்குமெண்டாக அனுப்பிவிட்டுப் படுத்தாள், தூங்கவில்லை.

மூன்றரைக்குப் பதில் வந்தது.

"பாத்தியா மைக்க!!!"

சிநேகா அதை மூன்று தடவை படித்தாள். பயம் அப்படியேதான் இருந்தது. ஆனால் அதன் ஓரத்தில் வேறு ஒன்றும் முளைத்தது. காறித் துப்ப வேண்டும் போல ஒன்று.

காலையில் வந்து இறங்கிய ஜான்சன் முகம்கூடக் கழுவாமல் அவளை மாடிக்குக் கூப்பிட்டு, சாம்பிளைப் பெரிய ஸ்பீக்கரில் போட்டான். கண்ணை மூடிக்கொண்டு தலையை ஆட்டினான்.

"அந்த அடிக் குரல் பாரு, எப்படி உருண்டு வருது. இது எந்த வாயில பாடனாலும் வரும். மைக்கு அப்டி. வாங்கறப்பவே நெனச்சன்."

"நேத்து சரியில்லன்னு சொன்னியேண்ணா?"

"மைக்குக்கு ஒரு வருஷம் ஆவணும். பழகணும். இப்பதான் பழகிகீது. உனுக்குச் சொன்னா புரியாது." ஸ்பீக்கரை நிறுத்தினான். "சொன்ன வெலைக்குக் குடுக்க மாட்டன். ரெண்டாயிரம் ஏத்தப் போறன்."

ஓர் இலவச இயர்போனைக் கேட்டுவிட்டு மைக்குக்கு விலை ஏற்றுகிறவனிடம் என்ன சொல்வது? மைக் பக்கம் அவன் திரும்பவேயில்லை. சிநேகா அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

பதினோரு மணிக்கு டீச்சர் வந்தாள். வசுமதி என்று பெயர், செய்யூரில் அங்கன்வாடி டீச்சர். முப்பத்தைந்து வயதிருக்கும். பஸ்ஸில் செங்கல்பட்டு வந்து, அங்கிருந்து லோக்கல் பிடித்து, வெயிலில் நடந்து வந்திருந்தாள். வந்ததும் சுவரைச் சுற்றிப் பார்த்தாள்.

"இன்னா தம்பி, கோழிப் பண்ணையா?"

"ஸ்டுடியோ டீச்சர். சவுண்டு ட்ரீட்மெண்ட்."

"எங்க சென்டர்லயும் வாரம் மூணு முட்ட போடுறோம். தட்ட வீணா கடைக்காரனுக்கே திருப்பிக் குடுத்துகினுகீறன்." நாற்காலியை ஃபேனுக்கு நேராக இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "பசங்களுக்கு நானே பாட்டு கட்டுவன். நண்டுப் பாட்டு, மழப் பாட்டு. போன்ல பாடி குரூப்ல போட்டா ஃபேன் சத்தம், கோழிச் சத்தம், பக்கத்து வூட்டு மிக்ஸி எல்லாம் வருது, என் பாட்டு மட்டும் வர்ல. நீ அனுப்புன சாம்பிள பஸ் ஏறுனதுலருந்து கேட்டுகினே வந்தன். அந்தப் பொண்ணு பக்கத்து சீட்ல குந்திகினு காதுல பாடற மாதிரி கீது. யார் பாடனது?"

"இவதான். சித்தப்பா பொண்ணு. வாய்ஸ் சுமார்தான், மைக்கு தூக்கி விட்டுட்ச்சு."

வசுமதி சிநேகாவைப் பார்த்தாள். சிநேகா தரையைப் பார்த்தாள்.

"சரி, போடு. நானும் ஒருவாட்டி பாடிப் பாக்குறன்."

ஜான்சன் பட்டனை அழுத்தி, மைக்கின் உச்சியைக் காட்டி, "இங்க பாடுங்க" என்றான். வசுமதி பாடினாள். ஸ்பீக்கரில் உஸ்ஸென்று இரைந்தது. ஜான்சன் ஒயரை மாற்றினான். இரைந்தது. கம்ப்யூட்டரை நிறுத்தி மறுபடி போட்டான். பொரிந்தது. பெட்டியைத் தட்டினான்.

"வோல்டேஜ் கம்மி. சில நேரம் சூடாவ டைம் எடுக்கும். க்ளைமேட் வேற."

"எங்க பசங்களும் தெனம் காலைல வயித்து வலின்னு இதே மாதிரி தான் சொல்லும்."

"டீச்சர், இது சென்சிட்டிவ் ஐட்டம். ராத்திரி சூப்பரா பாடிச்சில்ல? சாம்பிள் உங்க போன்லயே கீது. என் கம்ப்யூட்டர்ல சாஃப்ட்வேர் பிரச்சன. உங்க வூட்ல நல்ல பெட்டி ஒண்ணு வாங்கிப் போட்டா கும்முனு வரும். நான் சொல்ற பெட்டிய வாங்குங்க."

வசுமதி யோசித்தாள். போனை எடுத்து சாம்பிளை இன்னொரு முறை ஓடவிட்டாள். நிற்கிற ரயிலுக்கு எந்தப் பக்கம் மூஞ்சி என்று சிநேகாவின் குரல் அந்தச் சின்ன ஸ்பீக்கரில் கேட்டது. அதைக் கேட்கக் கேட்க அந்த அம்மாளின் முகம் இளகுவதைச் சிநேகா பார்த்தாள். தன் குரலை வைத்துத்தான் இந்த ஏமாற்று நடக்கிறது. வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும், மைக் செய்யூருக்குப் போய்விடும், உடைந்ததே யாருக்கும் தெரியாது. செய்யூரில் போய் உடைந்ததாக ஜான்சனே சாதித்துவிடுவான். வசுமதி கைப்பையின் ஜிப்பைத் திறந்தாள்.

"அக்கா, வாங்காதீங்க." குரல் கிறீச்சென்று வந்தது. "அது செத்துட்ச்சு. நேத்து ராத்திரி நான் கீழ போட்டுட்டன். அந்தப் பாட்டு அதுல பாடல. என் இயர்போன்ல பாடனது."

அடி விழும் என்று தோளைக் குறுக்கிக்கொண்டாள். ஜான்சன் சிரித்தான்.

"இன்னாடி கத வுடற? இயர்போன்ல இந்த சவுண்டா? டீச்சர், இவுளுக்கு மைக்க விக்கறது புடிக்கல. வூட்லயே கெடந்தா ராத்திரில நோண்டிகினு கெடக்கலாம்ல? அதான்."

"நெஜமாண்ணா. போர்வைக்குள்ள குந்திகினு பாடனன்."

"போர்வைக்குள்ள!" அவனுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "நான் ஏழு வருஷமா சவுண்டுல கீறன். இயர்போனுக்கும் கண்டென்சர் மைக்குக்கும் வித்தியாசம் தெரியாத காதா இது? போடி, போயி டீ போடு."

உண்மையைச் சொல்லிவிட்டால் கொன்றுவிடுவான் என்று ராத்திரி முழுக்கப் பயந்திருந்தாள். அவன் நம்பவே மாட்டான் என்று நினைத்துப் பார்க்கவில்லை. உடைத்தவள் தான்தான் என்று நிரூபித்துக் காட்ட வேண்டிய கதி உலகத்தில் வேறு யாருக்கு வந்திருக்கும்? பயத்தோடு இப்போது எரிச்சலும் சேர்ந்துகொண்டது. கட்டிலிலிருந்து போர்வையை உருவினாள். ஃபேனை நிறுத்தினாள்.

"ஏய், வெயிலு கொளுத்துது, ஃபேன போடு," என்றான் ஜான்சன்.

"ஓடனா சத்தம் வுழும்."

"இரு," என்று எழுந்தாள் வசுமதி. "நான் பாடறன். உன் குரல்ல வந்தா என் குரல்ல வர்ணும்னு இன்னா கீது? நவுரு, நானும் உள்ள வர்றன்."

"வளையல கயட்டிடுங்கக்கா. அதுவும் கேக்கும்."

வசுமதி கண்ணாடி வளையல்களைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டுப் போர்வைக்குள் வந்தாள். உள்ளே இருட்டு, புழுக்கம், ஜான்சனின் தலையெண்ணெய் நாற்றம். கிளிப்பில் மாட்டிய இயர்போன் மைக்கைச் சிநேகா அந்த அம்மாளின் கன்னத்தருகே தொங்கவிட்டு நாலு விரலை வைத்து அளந்து காட்டினாள்.

"கத்தாதீங்க. பக்கத்துல தூங்கற கொழந்தைக்குப் பாடற மாதிரி பாடுங்க. மூச்ச இந்தப் பக்கம் இழுத்துக்குங்க."

"ஐயோ, செத்துருவன் போல கீது. இப்ப பாடவா?"

"இருங்க, லோக்கல் வருது."

தாம்பரம் பக்கமிருந்து வந்த வண்டி ஹார்ன் அடித்துக்கொண்டு நின்று, ஆட்களை இறக்கி, போனது. அது வரைக்கும் இரண்டு பேரும் போர்வைக்குள் ஒருவர் மூச்சை ஒருவர் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். வெளியே ஜான்சன், கழுத்தில் ஹெட்போனோடு, தன் ஸ்டுடியோவின் நடுவில் ஒரு போர்வைக் குவியலைப் பார்த்துக்கொண்டு நின்றான். "பைத்தியக்காரத்தனம்" என்று இரண்டு தடவை சொன்னான். இரண்டாவது தடவை உள்ளேயிருந்து "உஷ்" என்று அதட்டல் வந்தது.

"உப்பளத்து நண்டே நண்டே, ஒரு கால எங்க வெச்ச" என்று வசுமதி பாடினாள்.

சிநேகா அதைப் பெரிய ஸ்பீக்கரில் போட்டாள். அதே அடிக் குரல், அதே நெருக்கம். உப்பளத்து நண்டு பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொண்டு காதில் பாடியது. முடிந்ததும் வசுமதி முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

ஜான்சன் ஸ்பிரிங் கையிலிருந்து மைக்கைக் கழற்றினான். காதருகே வைத்து ஆட்டினான். கலகலத்தது.

அவன் முகம் முதலில் வெளுத்தது, பிறகு கறுத்தது. "கீழ போ," என்றான் சிநேகாவிடம். "சித்தப்பா வர்ட்டும். பேசிக்கறன்."

வசுமதி வளையல்களை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டாள். "தம்பி, நீ விக்கறதா இருந்தா காதயும் சேத்து வித்துடு. சும்மா அத மாட்டிகினு வெயில்ல எதுக்கு அலையற?" படியிறங்கும்போது சிநேகாவின் தோளைத் தட்டினாள். "நாலு விரல். கன்னத்துப் பக்கம். மறக்க மாட்டன். பயப்படாத, மிஞ்சிப் போனா அடிப்பாங்க."

அடிப்பதைப் பற்றி அவளுக்குப் பயமில்லை என்று அந்த அம்மாளிடம் எப்படிச் சொல்வது?

ஜெபசிங் மூன்று மணிக்கு ஷிப்டு முடிந்து வந்தார். சோறு போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். சிநேகா எதிரில் உட்கார்ந்து தட்டில் சாதத்தைப் பிசைந்துகொண்டேயிருந்தாள். படியில் காலடிச் சத்தம் கேட்டதும் கை நின்றது. ஜான்சன் வந்து வாசற்படியில் நின்றான்.

"இன்னாடா, டீச்சர் வந்தாங்களா? மைக்கு போச்சா?"

"போச்சு சித்தப்பா." ஜான்சன் சிநேகாவைப் பார்க்கவில்லை. "ராத்திரி கரண்டு போயி வந்துதுல்ல, இன்வெர்ட்டர்லருந்து ஏதோ எக்ஸ்ட்ராவா ஏறி அடிச்சிட்ச்சு. மைக்கு அவுட்டு."

சிநேகா தலையைத் தூக்கினாள். ராத்திரி கரண்டு போகவேயில்லை. ஒரு நொடி விளங்காமல் இருந்தது, பிறகு விளங்கியது. அவள் உடைத்தாள் என்று சொன்னால், அப்புறம் எதில் பாடினாள் என்று கேள்வி வரும். அதைச் சொன்னால், அது உனக்குத் தெரியவில்லையா என்று அடுத்த கேள்வி வரும். அந்தக் கேள்விக்குப் பயந்து மைக்கையே முழுங்கிவிட்டான். அவளைக் காப்பாற்ற இல்லை, அந்தக் காதைக் காப்பாற்ற.

அவள் தப்பித்துவிட்டாள். பி.காம் மூன்றாவது பெஞ்சு காலியாகிவிட்டது. சாதத்தை ஒரு வாய் எடுத்தாள்.

"இன்வெர்ட்டரா?" ஜெபசிங்கின் முகம் சிவந்தது. "அந்த ஆனந்தன் பய மாட்டனதுதான? போன மாசம்தான சர்வீஸ் பண்ணிட்டுப் போனான்? இவ்ளோ வெலக்காரச் சாமான எரிச்சிட்டு நல்லவனாட்டம் தெருவுல போயிகினுகீறான். இன்னிக்கி கீது அவுனுக்கு." எச்சில் கையோடு இடது கையால் போனை எடுத்து நம்பரைத் தேடினார். "புது மைக்கு வாங்கிக் குடுக்காம வுட மாட்டன்."

ஆனந்தன் தெருக்கோடியில் குடியிருக்கிற எலெக்ட்ரீஷியன். வேலை சுத்தமாகச் செய்வார். ஸ்க்ரூ இறுகிவிட்டதா என்று மூன்று தடவை பார்க்கிற மனுஷன். அப்பா ஸ்பீக்கரில் போட்டார், ரிங் போனது. ஜான்சன் வாசற்படியில் நகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். இன்னொருத்தன் தலையில் விழப்போகிறதே என்ற நினைப்பு அந்த முகத்தில் துளியும் இல்லை. இந்த மூஞ்சியோடு சேர்ந்துகொண்டுதான் தானும் வாயை மூடிக்கொண்டிருக்கிறோம் என்று தோன்றியது சிநேகாவுக்கு. வாயிலிருந்த சோற்றை முழுங்கினாள்.

"அண்ணாத்த, சொல்லு," என்றார் போனில் ஆனந்தன்.

"ப்பா, கட் பண்ணு," என்றாள் சிநேகா. "அவர் மேல தப்பில்ல. நான்தான் ஒடச்சன்."

ஜெபசிங் போனைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். "அப்புறம் பேசறன் ஆனந்தா," என்று வைத்தார்.

"ராத்திரி திருப்பி மாட்டலாம்னு கயட்டனன், கை நழுவி வுழுந்துட்ச்சு. கரண்டு கிரண்டு ஒண்ணும் போவல."

"திருப்பி எதுக்கு மாட்டன?"

"ஒரு வருஷமா அத தப்பாதான் மாட்டிகீது."

"சித்தப்பா, இவ இன்னா பேசறான்னு..."

"நீ இரு." ஜெபசிங் சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்தார். "காலைல ஆறு மணிக்கு எனக்கு ஒரு பாட்டு அனுப்புனானே, ரயிலப் பத்தி. மைக்கு பாடறத பாருங்க சித்தப்பான்னு. பஸ்ல எல்லாரும் கேட்டாங்க, ரெண்டு பேரு திருப்பிப் போடச் சொன்னாங்க. மைக்கு ராத்திரியே ஒடஞ்சிட்ச்சுன்னா அது எதுல பாடனது?"

"இயர்போன்ல."

"எந்த இயர்போனு?"

"போனோட ஃப்ரீயா குடுத்தாங்களே."

ஜெபசிங் அண்ணன் மகன் பக்கம் திரும்பினார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. பஸ்ஸில் ஸ்டாப்பிங் தெரியாமல் ஏறினவனிடம் கேட்கிற மாதிரி கேட்டார்.

"உனுக்குத் தெரிலயாடா?"

ஜான்சன் வாயைத் திறந்தான். ஹெட்போனைக் கழுத்தில் சரிசெய்தான். படியேறிப் போனான். மேலே கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

"இவன்கிட்டயா நான் கேக்க இருந்தன்," என்றார் ஜெபசிங், யாரிடமும் இல்லாமல். கை கழுவப் போனவர் பாதியில் நின்று, மகள் பக்கம் விரலை நீட்டினார். "அதுக்காக நீ ஒடச்சது இல்லன்னு ஆயிடாது. மைக்குக்கு நீதான் குடுக்கணும். படிச்சி முடிச்சி சம்பாரிச்சி மொத மாசமே குடுக்கணும்."

"எதப் படிச்சிப்பா?"

"பின்ன, பி.காம் படிச்சா மைக்கு வாங்குவாங்க? கேள்வி கேக்குறா பாரு," என்று எரிந்து விழுந்துவிட்டு அவர் குழாயைத் திறந்தார்.